அருட்பிரகாசத்தின் கூட்டுப் பண்ணை

இரண்டே இரண்டு இரவு தங்கிவிட்டு வந்த மனுசனுக்கு வாய் இவ்வளவு நீளும் என்று எமில்டா நினைத்திருக்கவில்லை.

வெம்பிளியில் தமிழ்ப் பூசை முடிந்து, பங்கு மண்டபத்தில் எல்லோரும் சாப்பிட்டுக் கொண்டிருந்தபோது, அவளுடைய கணவர் அருட்பிரகாசம் மைக்கைப் பிடித்துவிட்டார். கோடையில் அவரும் எமில்டாவும் பங்கு மக்களோடு புனித பூமிக்கு யாத்திரை போனபோது, கடலோரப் பாறை உச்சியில் இருந்த ஒரு சின்னக் கிபுட்ஸின் விடுதியில் தங்கினார்கள். கிபுட்ஸ் என்றால் கூட்டுப் பண்ணை. சேர்ந்து உழைப்பு, சேர்ந்து சாப்பாடு, தனிச் சம்பளம் கிடையாது. பஸ்ஸில் வழிகாட்டி சொன்னதில் பாதியை நித்திரையில் கேட்டவர், இப்போது அதைத் தானே கட்டி எழுப்பியவர் மாதிரி முழங்கினார்.

"வெறும் கல்லு! கூடையிலை மண் சுமந்து மேலை கொண்டுபோய் வாழை வைச்சவை. பிறகு பிளாஸ்டிக் குழாய்த் தொழிற்சாலை. இப்ப விடுதி. ஒருத்தரும் முதலாளி இல்லை, ஒருத்தரும் வேலைக்காரர் இல்லை!"

வாழை நட்டத்தில் போனதையும், தொழிற்சாலை பூட்டுப்பட்டதையும், பிள்ளைகள் நகரத்துக்கு ஓடியதையும், இப்போது அங்கேயும் ஆளாளுக்குச் சம்பளம்தான் என்பதையும் அவர் சொல்லவில்லை. சொன்னால் பேச்சின் பவிசு கெட்டுவிடுமே.

"கென்ற் கடற்கரையிலை பாறைக்கு மேலை ஒரு பழைய ஹோட்டல் விலைக்கு வருது. கொஞ்சக் குடும்பங்கள் சேர்ந்தா ஏலும். முதல் ஆளா நாங்கள் இருக்கிற பிளேஸ்டோ வீட்டை விக்கிறம்!"

எமில்டா கையிலெடுத்த சோற்றைத் திரும்பத் தட்டில் போட்டாள். தன் வீடு விலைப்படப் போகிற செய்தியை அவள் ஒலிபெருக்கியில்தான் கேட்டாள். யுத்த காலத்தில் மடுக் கோயிலில் அகதியாகத் தட்டேந்தி வரிசையில் நின்றவள் அவள். தனக்கென்று ஓர் அடுப்பு, தனக்கென்று பூட்டுகிற ஒரு கதவு வேண்டுமென்று ஷிப்ட் ஷிப்டாக உழைத்து வாங்கிய வீடு. கோபத்தில் காது சுட்டது.

"வாறவை கையை உயர்த்துங்கோ!"

ஆண்கள் அத்தனை பேரும் உயர்த்தினார்கள். சும்மா கை தூக்குவதென்றால் நம்முடைய ஆட்களைக் கேட்க வேண்டுமா? பெண்கள் அதற்குள் எழுந்து, அந்த வீரர்களின் எச்சில் தட்டுகளைப் பொறுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அருட்பிரகாசத்துக்குப் பின்னால் இருந்த திரையில் ஒரு நரைத்த கிழவியின் முகம் வந்தது. "மண் சுமந்த முதல் கூட்டத்திலை மிஞ்சியிருக்கிறது இந்த அம்மா மட்டும்தான். இணையத்திலை தேடி எடுத்த படம். பாருங்கோ, என்ன கம்பீரம்!"

எமில்டா எழுந்தாள். "இஞ்சாருங்கோ, அவவை நீங்கள் நேரிலை கண்டனீங்கள்."

"நானோ? எங்கை?"

"அங்கத்தைச் சாப்பாட்டு மண்டபத்திலை. அவரவர் தட்டை அவரவர்தான் கொண்டுபோய் வைக்கவேணும் எண்டு சொன்னவை. நீங்கள் மேசையிலை விட்டிட்டு எழும்பினியள். அதை எடுத்தது இந்த அம்மாதான். வேலைக்காரி எண்டு நினைச்சு கையிலை சில்லறையும் வைச்சனீங்கள். நான்தான் பின்னாலை போய் மன்னிப்புக் கேட்டனான்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உயர்ந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

"அவ ஆரெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரிஞ்சிருந்தா மட்டும்தான் உங்கடை தட்டை நீங்கள் எடுத்திருப்பியளோ? வீடு ரெண்டு பேற்றை பேரிலையும் கிடக்குது. நான் கையெழுத்துப் போடமாட்டன்."

அருட்பிரகாசம் மைக்கை வைத்துவிட்டு, முகத்தைத் தூக்கிக்கொண்டு கார் நிறுத்திய பக்கமாகப் போனார். அவருடைய கதிரைக்கு அடியில், கடித்த எலும்புகளோடு அவருடைய தட்டு அப்படியே கிடந்தது.

எமில்டா அதைத் தொடவில்லை. கார்த் திறப்பு அவளுடைய கைப்பையில்தான் இருந்தது; அது இல்லாமல் அவரால் காருக்குள் ஏறக்கூட முடியாது. இன்னொரு தேத்தண்ணி வாங்கிக்கொண்டு, அவர் திரும்பி வரும்வரை ஆறுதலாக உட்கார்ந்தாள்.