முப்பதாவது ஆள்

ஆராய்ச்சிக்காரிக்கு அன்று மாலை ஐந்து மணிக்குள் ஓர் ஆள் வேண்டும். அறுபது தாண்டிய, எந்த வலியும் இல்லாத ஒரு பெண். ஆரோக்கியமான வயசாளிகள் எப்படி நடக்கிறார்கள் என்பதுதான் அவள் ஆய்வு. நான்கு வருஷமாக அலைந்து இருபத்தொன்பது பேரைப் பிடித்து நடக்க வைத்துவிட்டாள். முப்பதாவதாக வர ஒப்புக்கொண்டவர் காலையில் போன் செய்து, காய்ச்சல் என்று கைவிரித்துவிட்டார். முப்பதில் ஒன்று குறைந்தாலும் ஆய்வேட்டைத் தொடமாட்டேன் என்று பேராசிரியர் கறாராகச் சொல்லியிருந்தார். நடையை அளக்க இன்றுதான் கடைசி நாள்; விட்டால் அப்புறம் ஆறு மாசம் கழித்துத்தான்.

அவள் வீட்டில் நின்று புலம்பியதைக் கேட்டு, "நான் வரேன்," என்றார் அத்தை. அவள் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. முப்பத்து மூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து பிள்ளைகளை ஓட ஓட விரட்டியவர். ஓய்வு பெற்றதும் இவள் வீட்டோடு வந்துவிட்டார். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் இவளுடைய ஒன்றரை வயது மகளை வளர்ப்பது அவர்தான். அவர் இருக்கிற தைரியத்தில்தான் இவள் பல்கலைக்கழகமே கதியென்று கிடக்கிறாள். சொந்தக்காரர்களைச் சேர்க்கக் கூடாது என்று விதிகளில் எங்கேயாவது இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. குழந்தையைக் கணவனிடம் தள்ளிவிட்டு இருவரும் கிளம்பினார்கள்.

படிவத்தில் வலி உண்டா, விழுந்ததுண்டா, மாத்திரை உண்டா என்று பதினேழு கேள்விகள். பதினேழுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்து, பரீட்சைப் பேப்பர் மாதிரி திருப்பிக் கொடுத்தார் அத்தை. இடுப்பிலும் முட்டியிலும் கணுக்காலிலும் பளபளக்கும் குட்டி உருண்டைகளை ஆராய்ச்சிக்காரி ஒட்டினாள். அந்த உருண்டைகளின் அசைவைப் பதிவு செய்யச் சுற்றிலும் பத்து கேமரா. கம்ப்யூட்டர் முன்னால் கேமராக்காரர். நடைபாதையின் நடுவில் தரைக்குள் ஒரு தட்டு பதித்திருக்கும். அதை மிதித்தால் எந்தக் காலில் எவ்வளவு பாரம் விழுகிறது என்று திரையில் கோடாக ஓடும். தட்டு இருப்பது நடப்பவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் குறி பார்த்து மிதிப்பார்கள்; அப்புறம் அது நடையா என்ன, நடிப்பு. அதனால்தான் தரை முழுக்க ஒரே நிறத்தில் விரிப்பு போட்டிருந்தது.

இதெல்லாம் சாதாரண ஆட்களுக்கு. நீளம் தாண்டுகிற பிள்ளைகளுக்குப் பலகையைத் துல்லியமாக மிதிக்கச் சொல்லிக் கொடுத்தவரிடம் இந்தக் கண்கட்டு வித்தை எடுபடுமா? முதல் நடையிலேயே விரிப்புக்கடியில் இருந்த விளிம்பைக் கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் நெஞ்சை நிமிர்த்தி, கை வீசி, அணிவகுப்பு மரியாதை ஏற்க வந்தவர் மாதிரி நடந்து, தட்டின் நட்டநடுவில் காலை வைத்தார். வைத்துவிட்டு, சரிதானே என்று திரும்பி வேறு பார்த்தார்.

கீழே பார்க்காதீர்கள் என்று கெஞ்சினாள். உடனே அத்தை விட்டத்தைப் பார்த்து நடந்து, சுவரில் மோதப் போனார். பாட்டுப் பாடிக்கொண்டே நடக்கச் சொன்னாள். தாளத்துக்குச் சரியாகத் தட்டில் கால் விழுந்தது. பதினாலு முறை நடந்தாகிவிட்டது. மணி நான்கு. ஆராய்ச்சிக்காரி தலையில் அடித்துக்கொள்ளாத குறை. கொஞ்சம் ஓய்வெடுங்கள் என்று நாற்காலியைக் காட்டினாள்.

அத்தை எங்கே உட்கார்ந்தார்? எதிர்க் கோடியில் கேமராக்காரர் முதுகை வில்லாக வளைத்து உட்கார்ந்திருப்பதை அவ்வளவு நேரமாகப் பார்த்து மனம் பொறுக்காமல் இருந்திருக்கிறார். முதுகை நிமிர்த்துங்கள் என்று அதட்டிக்கொண்டே விறுவிறுவென்று அவரை நோக்கிப் போனார். நெஞ்சு நிமிரவில்லை, கை வீசவில்லை, தட்டின் நினைவே இல்லை. உருண்டைகளைக் கழற்றும்வரை எல்லாம் பதிவாகும் என்பது அவர் கையெழுத்துப் போட்ட படிவத்திலேயே இருந்தது.

போகிற போக்கில் அவர் கால் இரண்டும் தட்டில் பட, திரையில் கோடு ஓடியது. வலது கால் முழுசாக ஊன்றியிருந்தது. இடது காலில் பாதிப் பாரம்கூட விழவில்லை. சுடுகிற தரையில் வைத்த மாதிரி வைத்து எடுத்திருக்கிறார்.

கேமராக்காரர் எழுந்து, டீ குடிக்கப் போவதாக முணுமுணுத்துவிட்டு வெளியே போனார். ஆராய்ச்சிக்காரி அத்தையை உட்கார வைத்து, இடது முட்டியில் கை வைத்தாள். புசுபுசுவென்று வீங்கியிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அதே முட்டியில்தான் உருண்டையை ஒட்டினாள். அப்போது உருண்டையைத்தான் பார்த்தாள்.

"எப்ப இருந்து அத்தை?"

"பதினோரு மாசம் இருக்கும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ மறுநாளே படிப்பை மூட்டை கட்டி வச்சிட்டுக் குழந்தையோட உக்காந்துடுவ. உன்னை எனக்குத் தெரியாதா?"

தெரியும்தான். அப்படித்தான் உட்கார்ந்திருப்பாள். ஊரில் உள்ள முட்டியெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தன் மகளைத் தூக்கிக்கொண்டு தினமும் மூன்று மாடி ஏறி இறங்கிய முட்டியை மட்டும் அவள் பார்க்கவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

அத்தை வழக்காடிப் பார்த்தார். இந்தக் கடைசி நடையை விட்டுவிடு, முதலில் நடந்த பதினாலில் ஒன்றை எடுத்துக்கொள், யாருக்குத் தெரியப் போகிறது என்றார். திரையில் பார்த்தால் அந்தப் பதினாலும் அப்பழுக்கில்லாமல்தான் இருந்தன. மணி நாலே கால். அவள் பட்டியலைத் திறந்து முப்பதாவது வரிசையில் 'நீக்கப்பட்டது' என்று குறித்தாள். பக்கத்தில் காரணம் கேட்டது. 'இடது முழங்காலில் வலி, பதினோரு மாதமாக. ஆய்வாளர் கவனிக்கவில்லை' என்று எழுதினாள்.

"கடைசி வரி எதுக்கு? அழி," என்றார் அத்தை.

"அது இருக்கட்டும்."

பேராசிரியருக்கு ஆறு மாசம் அவகாசம் கேட்டுக் கடிதம் அனுப்பினாள். கணவனுக்குப் போன் போட்டு, நாளையிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவது உங்கள் வேலை என்றாள். அவன் தனக்கும் முதுகு வலிக்கிறது என்று இழுத்தான். இங்கே வந்தால் பத்து கேமரா வைத்துப் பார்த்துவிடலாம் என்றதும் வாயை மூடிக்கொண்டான்.

உருண்டைகளைக் கழற்றியதும் அத்தை எழுந்தார். பழக்க தோஷம், நெஞ்சு நிமிர்ந்தது. இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்று, அவளைத் திரும்பிப் பார்த்தார்.

பிறகு அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, அவள் கண்ணெதிரிலேயே, கதவுவரை நொண்டி நொண்டி நடந்தார்.