முதல் முடி

மிஷேலின் தலையில் நான்காவது ரிப்பனைக் கட்டி முடித்த ஸுலா, இரண்டடி பின்னால் நகர்ந்து பார்த்தாள். எத்தனை ரிப்பன் கட்டினாலும் முடி காதுமடலுக்குக் கீழே இரண்டு விரற்கடையோடு நின்றுகொண்டது. மூன்று மாதங்களுக்கு முன்பு அது இடுப்பில் புரண்டுகொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து கத்தரி படாத முடி. கடைக்குப் போனால் முன்பின் தெரியாதவர்கள்கூடத் தொட்டுப் பார்த்து, "எப்ப இறக்கப் போறீங்க?" என்று கேட்பார்கள். "நாலு வயசுக்கு, வெள்ளை மாசத்துல," என்று ஸுலா கொஞ்சம் பெருமையாகவே சொல்வாள்.

அந்த நாள்தான் இன்று. புத்தாண்டு பிறக்கும் வெள்ளை மாதத்தின் இரண்டாம் நாள். பிறந்தநாளும் அதே வாரத்தில் வந்ததால் புத்தாண்டு, பிறந்தநாள், முடியிறக்கு மூன்றையும் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம் என்று அவள் கணவன் கன்சுக் கோடைக்காலத்திலேயே முடிவு செய்திருந்தான். மேசையின் நடுவில் ஆட்டின் முழு முதுகுக் கறி. பக்கத்தில் மூன்றடுக்கு ரொட்டிக் கோபுரம், அதன் உச்சியில் தயிர்க்கட்டிகளும் சர்க்கரைக்கட்டிகளும். அதற்கும் பக்கத்தில், அந்தக் கூட்டத்தில் வழி தவறி வந்ததுபோல, இளஞ்சிவப்பில் ஒரு கடைக் கேக். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து கன்சுக் கத்தரிக்கோலின் கைப்பிடியில் நீலப் பட்டுத்துணியைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணன் பக்கத்துல வந்துட்டாரு. பெட்ரோல் பங்க் தாண்டிட்டாராம்," என்றான்.

ஸுலா சீப்பைக் கீழே வைத்தாள். "கோபமா இருக்காரா?"

"இருக்காம? பதினாறு மணி நேரம் வண்டி ஓட்டிக்கிட்டு வர்றாரு, முதல் கத்தரி வைக்கணும்னு. அதுக்கு முன்னாடி எவளோ வெச்சுட்டா."

எவளோ என்றது ஹந்தா டீச்சரை. மிஷேல் போகும் பாலர் பள்ளியில் இரண்டு வருடமாக வேலை பார்க்கும் சின்னப் பெண். இருபத்து நான்கு வயது இருந்தால் அதிகம்.

நடந்தது இதுதான். நவம்பர் மாதம் பள்ளியில் பேன் பரவியது. ஹந்தா ஸுலாவை மற்ற அம்மாக்கள் முன்னால் கூப்பிடவில்லை. காலணி அலமாரிக்குப் பின்னால் தனியாக அழைத்துப்போய், "நெறைய பிள்ளைங்களுக்கு இருக்கு அக்கா. நீங்க கவலப்படாதீங்க," என்று சொல்லி, தன் கைப்பையிலிருந்து ஒரு மருந்து ஷாம்பூவையும் பேன்சீப்பையும் எடுத்துக் கொடுத்தாள். ஸுலா நன்றிகூடச் சொல்லவில்லை. முகம் எரிந்தது. மலைச்சரிவில், கரி அடுப்புப் புகைக்குள் இருக்கிற வீட்டுப் பிள்ளை என்பதால்தான் தன்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்கிறாள் என்று தோன்றியது. கன்சுக் அப்போது எல்லைக்கு நிலக்கரி லாரி ஓட்டிக்கொண்டு தெற்கே இருந்தான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் குழந்தையை விளக்கடியில் உட்காரவைத்துச் சீவினாள். சீப்பு இறங்கவில்லை. ஈர்கள் உதிர்ந்தபாடில்லை. மிஷேல் அழுது, அழுகை தீர்ந்து, விக்கிக்கொண்டிருந்தாள். கைப்பேசியில் பள்ளி அம்மாக்களின் குழுவில் யாரோ, "சில வீடுகளில் சுத்தம் என்பதே கிடையாது," என்று போட்டிருந்தார்கள். ஸுலா எழுந்துபோய்ச் சமையல் கத்தரியை எடுத்து வந்தாள். நான்கே வெட்டு. எடுத்துப் பட்டில் சுற்றி வைத்திருக்கலாம், கழுவிக் காயவைத்திருக்கலாம். அந்த நேரத்தில் அதைக் கண்ணால் பார்க்கவே பிடிக்காமல் அள்ளி அடுப்பில் போட்டாள். வீடு முழுக்கக் கருகல் நாற்றம் அடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்பதே அவளுக்கு உறைத்தது.

மாதக் கடைசியில் கன்சுக் வந்து, "யாரு வெட்டினது?" என்று கேட்டபோது, பதில் அவளைக் கேட்காமலே வெளியே வந்தது. "ஸ்கூல்ல. பேன்னு சொல்லி டீச்சரே வெட்டிட்டாங்க." கட்டிலில் உட்கார்ந்து பொம்மைக்குச் சட்டை போட்டுக்கொண்டிருந்த மிஷேல் தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். ஸுலா திரும்பிக்கொண்டாள். கன்சுக் பள்ளிக்குப் போய்ச் சத்தம் போடக் கிளம்பியபோது அவள்தான் தடுத்தாள். "விடு, சின்னப் பொண்ணு. தெரியாம செஞ்சிட்டா." அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உனக்கு மனசு பெருசு ஸுலா," என்றான். அந்த வார்த்தையைத்தான் அவளால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

கன்சுக்கின் அண்ணன் கொம்போவும் அவர் மனைவி தாரியும் வந்தார்கள். பிறகு கன்சுக்கின் லாரி நண்பர்கள் இரண்டு பேர், பக்கத்து வேலி வீட்டுக்காரி. அவள் மகனும் மிஷேலோடு அதே வகுப்பில்தான் படிக்கிறான். உப்புப் பால்தேநீர் கை மாறியது, மூக்குப்பொடிக் குப்பிகள் கை மாறின. ஸுலா சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தாள். கொம்போ மிஷேலை மடியில் தூக்கி வைத்து, ரிப்பன்களை ஒவ்வொன்றாக விலக்கி, பிடரியைத் தடவிப் பார்த்தார். ஆடு மேய்க்கிற கை, குளிரில் வெடித்துப்போன கை.

"உச்சி முடி கொஞ்சம் மிச்சம் இருக்கு," என்றார். "இருக்கறத வெச்சுச் செய்வோம். ஏம்மா செல்லம், ஒனக்கு ஒரு செவலைக் குதிரைக்குட்டி வெச்சிருக்கேன் தெரியுமா? நெத்தியில வெள்ள. பெரியப்பா முதல்ல வெட்டினா ஒனக்குத்தான் அது."

"கடிக்குமா?"

"ஒன்ன விட அது சாது."

எல்லோரும் சிரித்தார்கள். குழந்தையின் நாக்கில் பால் தொட்டு வைத்து, புலி ஆண்டில் பிறந்தவர்தான் தொடங்க வேண்டும் என்று லாமா சொன்னபடி கொம்போ முதல் கத்தரி வைத்தார்.  அடுத்தது தாரி, அடுத்தது நண்பர்கள். மிஷேல் கத்தரியை இரண்டு கையாலும் ஏந்தி ஒவ்வொருவரிடமும் போய்த் தலையைக் குனிந்து நின்றாள். வெட்டிய துணுக்குகள் பட்டுப்பையில் விழுந்தன. ஸுலா மூச்சு விட்டாள். முடிந்துவிடும், இன்னும் கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தாள்.

அப்போதுதான் கதவு திறந்து, குளிர்க்காற்றோடு ஹந்தா உள்ளே வந்தாள்.

பச்சைப் பட்டு அங்கி, கையில் சின்னப் பரிசுப் பொட்டலம். "மிஷேல் கூப்பிட்டா, வராம இருக்க முடியல," என்றாள். மிஷேல் வரைந்த அழைப்பு அட்டை ஒன்று அவள் கையில் இருந்தது. குதிரை போல ஏதோ ஒன்று, மேலே நான்கு என்ற எண். குழந்தை யாரிடமும் சொல்லாமல் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள்.

"எங்க டீச்சர்!" என்று மிஷேல் கத்தினாள்.

ஹந்தா வழக்கப்படி முதலில் வீட்டில் மூத்தவரிடம் போனாள். அங்கியின் கைமடிப்பை இறக்கிவிட்டுக்கொண்டு, புத்தாண்டு வணக்கத்துக்காகக் கொம்போவின் முன்னால் இரண்டு கைகளையும் நீட்டினாள். கொம்போ கையை முழங்காலிலிருந்து எடுக்கவில்லை.

"நீதானா அந்த டீச்சரு?"

"ஆமாங்க."

"அடுத்தவங்க பிள்ளை முடியில கத்தரி வெக்கிறதுக்கு உனக்கு யாரும்மா உரிமை குடுத்தது? நாலு வருஷம் காத்திருந்து வளத்த முடி. முடியக்கூடக் குடுக்கல. குப்பையில போட்டியா?"

நீட்டிய கைகள் அப்படியே நின்றன. ஹந்தா கொம்போவைப் பார்த்தாள், கன்சுக்கைப் பார்த்தாள், கடைசியில் ஸுலாவைப் பார்த்தாள். ஸுலா கையில் ஆவி பறக்கும் இறைச்சிக் கொழுக்கட்டைத் தட்டு. அந்த ஆவிக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை போதும். அவள் தட்டை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.

"நானா..." என்று ஹந்தா தொடங்கினாள்.

"ஆமா, டீச்சர்தான் வெட்டினாங்க," என்றாள் மிஷேல். சொல்லிவிட்டு, பாடம் சரியாக ஒப்பித்த பிள்ளையைப் போல அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு சின்னப் பெருமிதம்கூட இருந்தது.

ஹந்தாவின் கைகள் மெல்லக் கீழே இறங்கின. குழந்தையையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஆமாங்க," என்றாள். "நான்தான். தப்பாயிடுச்சு. மன்னிச்சிடுங்க."

"நல்ல டீச்சரு," என்றாள் பக்கத்து வேலி வீட்டுக்காரி, யாருக்கும் இல்லாததுபோல. "இனிமே எம்பிள்ளையையும் பாத்துத்தான் அனுப்பணும். குரூப்புல சொல்லி வெக்கணும்."

மிஷேலுக்கு இதெல்லாம் புரியவில்லை. கத்தரியை ஏந்திக்கொண்டு அடுத்த ஆளாக ஹந்தாவின் முன்னால் போய்த் தலையைக் குனிந்தாள். ஹந்தாவின் விரல் கைப்பிடியைத் தொட்டிருக்கும்.

"அவங்க வேணாம் கண்ணு," என்றார் கொம்போ. "அவங்க பங்கு ஏற்கனவே வெட்டியாச்சு."

லாரி நண்பன் ஒருவன் களுக்கென்று சிரித்தான். ஹந்தாவும் சிரிக்க முயன்றாள். கொடுத்த தேநீரில் ஒரு மிடறு குடித்து, கிண்ணத்தை இரண்டு கையாலும் வைத்துவிட்டு, பரிசைக் குழந்தையின் கையில் கொடுத்து, "இன்னும் ரெண்டு வீட்டுக்குப் போகணும்," என்று சொல்லிக் கிளம்பினாள். கதவு சாத்தும் சத்தம்கூடக் கேட்கவில்லை, அவ்வளவு மெதுவாகச் சாத்திக்கொண்டு போனாள்.

ஸுலா சமையலறைக்குள் போய் நீராவிப் பானையின் முன்னால் நின்றாள். எதற்கு வந்தோம் என்று நினைவில்லை. கன்சுக் காலித் தட்டோடு பின்னாலேயே வந்தான்.

"அண்ணன் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டாரு. ஆனா அவளே ஒத்துக்கிட்டா பாரு."

"நான்தான்," என்றாள் ஸுலா.

"என்ன நீதான்?"

"நான்தான் வெட்டினேன். அந்தப் பொண்ணு சீப்பு குடுத்தா, மருந்து குடுத்தா. நான் வெட்டிட்டு அவ மேல சொன்னேன்."

கன்சுக் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாதவன்போல் நின்றான். "முடி?"

அவள் அடுப்பைப் பார்த்தாள். அடுப்புத் தீயைத் தெய்வமாக எண்ணி, அதில் அசுத்தமான ஒரு குச்சியைக்கூடப் போடாமல் வளர்ந்தவன் அவன். அவனும் அடுப்பைப் பார்த்தான். எழுந்த கோபத்தை அவன் எங்கோ உள்ளே அழுத்துவது தெரிந்தது. எட்டிச் சமையலறைக் கதவைச் சாத்தினான்.

"இங்க பாரு. உள்ள யார்கிட்டயும் சொல்லாத. அண்ணன் முகத்துல நான் எப்படி முழிக்கறது? பொழுது போகட்டும். அவர் ஊருக்குப் போகட்டும். அப்புறம் நாம ரெண்டு பேரும் அந்தப் பொண்ணப் போய்ப் பாத்துக்கலாம்."

"மிஷேல் என்னப் பாத்தா, நீ பாத்தியா?"

கன்சுக் தட்டில் கொழுக்கட்டைகளை அடுக்கிக்கொண்டு வெளியே போனான். ஸுலாவும் அவன் பின்னாலேயே போனாள். கூடத்தில் கேக்கில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லார் முகத்திலும் அந்த மஞ்சள் வெளிச்சம். இதை அணைக்கிற வரைக்கும் பொறுக்கலாம் என்று தோன்றியது. பொறுத்தால் பிறகு சொல்லவே மாட்டோம் என்றும் தெரிந்தது.

"அத்தான்," என்றாள் கொம்போவைப் பார்த்து. "டீச்சர் வெட்டல. நான் வெட்டினேன். அடுப்புல போட்டது நான்தான். எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன்."

 தாரி, "குழந்தை எதிர்ல எதுக்கு இப்ப," என்று முனகினாள். பக்கத்து வேலி வீட்டுக்காரி கைப்பேசியைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். கொம்போவின் கழுத்து சிவந்து, சிவப்பு காதுவரை ஏறியது. ஸுலா திட்டுக்காகக் காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும்போல் இருந்தது.

"கை நீட்டினா," என்றார் கொம்போ கடைசியில், தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு. "புத்தாண்டு அதுவுமா, வந்த பொண்ணு கை நீட்டினா. நான் எடுக்கல."

"அப்ப நான் சொன்னது தப்பாம்மா?" என்றாள் மிஷேல். மெழுகு உருகிக் கேக்கின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீ சொன்னது என் தப்பு," என்றாள் ஸுலா. அது குழந்தைக்கு விளங்கியதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கோட்டைக்கூட மாட்டாமல், அங்கியோடு வெளியே வந்துவிட்டாள்.

சந்து முழுக்க உறைந்த பனி. பிற்பகல் வெயிலில் கரிப்புகை மஞ்சளாகத் தொங்கியது. வேலிக்கு வேலி ஆட்கள் பட்டங்கியில் வீடு மாறிப் போய்க்கொண்டிருந்தார்கள். மூன்றாவது சந்தில் நீலக் கதவு என்று எப்போதோ மிஷேல் சொல்லியிருக்கிறாள். ஸுலா வழுக்கி வழுக்கி நடந்தாள். இன்னும் இரண்டு வீட்டுக்குப் போகணும் என்று சொன்னாளே, இருக்கமாட்டாள் என்று பயமாகவும், இருக்கமாட்டாள் என்று கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

ஹந்தா இருந்தாள். எந்த வீட்டுக்கும் போகவில்லை. கண் வீங்கியிருந்தது. அவளுக்குப் பின்னால் ஒற்றை அறை, சின்ன மேசை, கை படாத ஒரு தட்டு மிட்டாய்.

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்," என்றாள் ஸுலா. மூச்சு வாங்கியது. "குரூப்புலயும் எழுதறேன். இப்பவே உங்க எதிர்லயே எழுதறேன். நீங்க எதுக்கு எனக்காக அப்படிச் சொன்னீங்க?"

"உங்களுக்காகச் சொல்லல அக்கா," என்றாள் ஹந்தா. குரலில் இதுவரை கேட்டிராத ஒரு கடுமை இருந்தது. "பொறந்தநாள் அதுவுமா, அத்தனை பேர் முன்னாடி உங்க பிள்ளை பொய் சொல்லுதுன்னு எப்படிச் சொல்றது? அவ என்கிட்ட திங்கக்கிழமை வரணும்ல."

ஸுலா தலையாட்டினாள்.  போய்விடலாமா என்று நினைத்தாள். ஆனால் வெள்ளை மாதத்தில் வாசலுக்கு வந்தவரை யாரும் வணக்கம் இல்லாமல் அனுப்புவதில்லை. அதனால்தானோ என்னவோ ஹந்தா கதவை அகலமாகத் திறந்தாள். கைமடிப்பை இறக்கிவிட்டுக்கொண்டாள். இளையவர் கைகளைக் கீழே கொடுத்து மூத்தவரின் முழங்கைகளைத் தாங்க வேண்டும். வயதில் இளையவள் அவள்தான். அவள் முறைப்படி உள்ளங்கைகளை மேல்நோக்கி நீட்டினாள்.

ஸுலா தன் கைகளை அந்தக் கைகளுக்குக் கீழே கொண்டுபோனாள். ஹந்தா ஒரு கணம் திகைத்துத் தன் கைகளை இன்னும் கீழே இறக்கினாள். ஸுலா குனிந்தாள். வாசல்படியின் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இருவரும் நின்றார்கள். நான்கு கைகளும் ஒன்றின் கீழ் ஒன்று இடம் தேடித் தாழ்ந்துகொண்டே போயின.