மூன்றாவது பெடல்

தன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியை விற்ற பணத்தில் ரோஸ்விதா தனக்கென்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறாள் என்ற சேதி ஜெர்மனியின் சிற்றூரான நூர்டிங்கன் முழுக்கப் பரவ ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள். அதனால் அவள் வாங்கப்போகும் வண்டியைப் பற்றிப் பேசத் தங்களுக்கும் உரிமை உண்டு என்று அந்தப் பாதிப் பேரும் நினைத்துக்கொண்டார்கள்.

ரொட்டிக் கடைக்குப் போனால் கல்லாவில் நிற்கும் உர்சல், பிரெட்சல் ரொட்டியைப் பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு பேசுவாள்.

"கிளட்ச் வச்ச வண்டிதானே மேடம்? நீங்க போய் ஆட்டோமேட்டிக் வாங்கினா என் புருஷன் நெஞ்சு வெடிச்சே செத்துடுவான். மேட்டுல வண்டியை அணைச்சிட்டான்னு எத்தனை தடவை அவனைத் திரும்பத் திரும்ப ஏத்த வச்சீங்க!"

மருந்துக் கடைக்காரர் நேர் எதிர்க் கட்சி. "அறுபது வயசாகப் போகுது உங்களுக்கு. இன்னும் எதுக்கு அந்தப் பெடலை மிதிச்சிட்டு? இப்ப வர்ற இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் எல்லாம் கண்ணிமைக்கறதுக்குள்ள கியர் மாத்திடுது. நம்மால ஆகுமா அது?"

"உனக்கு எது வேணும்?" என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ரோஸ்விதாவிடம் பதில் இருந்திருக்காது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

முப்பத்தோரு வருஷம் அவள் காரிலேயே வாழ்ந்தாள். ஆனால் ஓட்டியதில்லை. ஸ்டியரிங் இருக்கும் இடது இருக்கை மாணவனுக்கு. வலது இருக்கை இவளுக்கு. இவள் காலடியில் தனியாக ஒரு ஜோடி பெடல், ஆபத்துக்கு மிதிக்க. சாயங்காலம் வீட்டுக்கு வந்தபின் எங்காவது கிளம்பினால் சாவியை எடுப்பது அவள் கணவன் எக்கார்ட். "பகலெல்லாம் வண்டிக்குள்ளேயே கிடந்திருக்கே, நீ சாஞ்சுக்கோ ரோஸி" என்பான். அன்பாகத்தான் சொல்வான். "நான் ஓட்டலையே எக்கார்ட், உக்காந்துதானே இருந்தேன்" என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டாள். அவன் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரிப்பான். இத்தாலியில் கார்டா ஏரிக்கு வருஷா வருஷம் விடுமுறைக்குப் போனார்கள். ஆல்ப்ஸ் மலைப்பாதையின் எல்லா வளைவுகளையும் அவன்தான் ஓட்டினான். இவள் பெடல் இல்லாத தரையை மிதித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

எந்திரத் தொழிற்சாலையில் வடிவமைப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் எக்கார்ட். இடது முழங்காலில் அறுவை சிகிச்சை ஆன பிறகு அது பாதிக்கு மேல் மடங்காது. கிளட்ச் மிதிக்க முடியாது என்பதால் வீட்டுக் காரை ஆட்டோமேட்டிக்காக மாற்றினார்கள். முட்டி போனாலும் சாவியை எடுக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

பிப்ரவரியில் இருவரும் கார் விற்பனைக் கூடத்துக்குப் போனார்கள். அங்கே விற்பனையாளன் ஹென்ட்ரிக்கும் அவளுடைய பழைய மாணவன்தான். இரண்டு வண்டிகளைத் துடைத்துத் தயாராக நிறுத்தியிருந்தான். இரண்டுக்கும் உருவம் ஒன்றே, எஞ்சினும் ஒன்றே. ஒன்றில் மூன்றாவது பெடலாகக் கிளட்சும், கியர்க் கம்பியும்; மற்றதில் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக், ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் தட்டிக் கியர் மாற்ற இரண்டு சிறு தகடுகள்.

முதலில் கிளட்ச் வண்டியை எடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது. கியர்க் கம்பி கைக்குள் சிக்கென்று உட்கார்ந்தது. ஆனால் ஒவ்வொரு முறை கிளட்சை விடும்போதும் ஏதோ ஒரு மாணவனின் முகம் ஞாபகம் வந்தது. வண்டி எப்போது உதறும், எப்போது அணையும் என்று உடம்பு தானாகக் காத்திருந்தது. தான் ஓட்டும்போதும் தனக்கே பாடம் எடுப்பது போலிருந்தது.

பிறகு ஆட்டோமேட்டிக். ஊர் எல்லை தாண்டியதும் ஆக்சிலரேட்டரை அழுத்தினாள். கியர் மாறியதே தெரியவில்லை. சத்தம் மட்டும் ஏறி இறங்கி ஏறியது. வளைவுக்கு முன்னால் இடது விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். வண்டி உறுமிக்கொண்டு கியரைக் குறைத்து, வளைவுக்குள் அப்படியே நழுவிப் போனது. ரோஸ்விதா தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். இடது கால் ஓரமாகச் சும்மா கிடந்தது. அந்தக் காலுக்கு ஓய்வு கொடுத்தது அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

சிரிப்பு மாறாமலே கூடத்துக்குத் திரும்பினாள். காப்பிக் கோப்பையோடு வாசலில் நின்ற எக்கார்ட் அவள் முகத்தைப் பார்த்துவிட்டான்.

"பிடிச்சிருக்கு, இல்ல? எனக்கும் இதுதான் பிடிச்சிருக்கு. என் முட்டிக்கும் ஒத்துவரும். இந்த வருஷம் கார்டாவுக்கு இதுலயே போயிடலாம் ரோஸி. மலைப்பாதையை நான் பாத்துக்கறேன், நீ நிம்மதியா சாஞ்சுக்கோ."

ரோஸ்விதாவின் சிரிப்பு அங்கேயே நின்றது.

"கிளட்ச் வண்டியையே எழுதிக்கோ" என்றாள் ஹென்ட்ரிக்கிடம்.

"எனக்குத் தெரியும் மேடம்! நீங்க வேற எதையும் வாங்க மாட்டீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லியே வச்சிருந்தேன்" என்று அவன் கையைத் தேய்த்துக்கொண்டான். எக்கார்ட் கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

வீட்டில் அன்றைக்கு ஆரம்பித்த சண்டை பல வாரம் நீண்டது. அவளிடம் காரணம் கேட்டான். காரணம் சொன்னாள்: கைக்கும் வண்டிக்கும் உள்ள தொடர்பு, பழக்கம், இனிமேல் கிளட்ச் வைத்த வண்டியே வராது என்பது. எல்லாம் பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் ஏதோ பத்திரிகையில் படித்தவை. அவன் எந்திரக்காரன், ஒவ்வொன்றையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தான். பருப்பும் ஸ்பெட்ஸ்லே நூடுல்ஸும் இருந்த தட்டை நகர்த்திவிட்டு முட்கரண்டியையும் கத்தியையும் வைத்து விளக்கினான்.

"இங்க பாரு. இது ஒரு கிளட்ச், இது ஒரு கிளட்ச். இது ரெண்டாவது கியரைப் பிடிச்சிருக்கும்போதே அது மூணாவதைத் தயாரா வச்சிருக்கும். மாத்தற நேரத்துல இது விடும், அது பிடிக்கும். நடுவுல இடைவெளியே கிடையாது. மனுஷன் காலால இது முடியாது ரோஸி!"

"முடிய வேண்டாம். முட்கரண்டியைக் குடு, சாப்பாடு ஆறுது."

"நீ ஓட்டிட்டு வந்தப்ப சிரிச்சியே, அது பொய்யா?"

"வெயில் கண்ணுல பட்டுச்சு."

"பிப்ரவரிக் குளிர்ல வெயிலா!"

உண்மையான காரணத்தை அவள் சொல்லவில்லை. சொல்லாத காரணத்தை அவனால் தோற்கடிக்க முடியவில்லை. சொன்ன காரணங்களால் அவளால் ஜெயிக்கவும் முடியவில்லை. நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவனைத் தன் ஸ்டியரிங் பக்கம் வரவிடாமல் தடுப்பதற்கு ஒரு பெடலை விலைக்கு வாங்கியிருக்கிறோமே என்று நினைக்கும்போது அவளுக்கே அசிங்கமாக இருந்தது. அந்த அசிங்கம் கோபமாக மாறி அவன்மேலேயே போய் விழுந்தது.

வண்டி கோடை தொடங்கும்போது வந்தது. கருநீலம். ஊரே பாராட்டியது. ரோஸ்விதா தினமும் ஓட்டினாள். ஸ்டுட்கார்ட் போகும் நெடுஞ்சாலையில் காலை நெரிசலில் ஒரு முறை மாட்டிக்கொண்டாள். முதல் கியர், நிறுத்து, முதல் கியர், இரண்டு, நிறுத்து. கெண்டைக்கால் கட்டைபோல இறுகிவிட்டது. வலது பக்கத்து வண்டியில் ஒரு சின்னப் பெண் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஆப்பிள் தின்றுகொண்டிருந்தாள். ஆட்டோமேட்டிக். ரோஸ்விதாவுக்கு அவளை அறையலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு காலுக்குத் தைலம் தேய்த்தாள்.

"வீடு பூரா தைல வாசனை அடிக்குதே" என்றான் எக்கார்ட் வெளியிலிருந்து.

"தோட்டத்துல குனிஞ்சு வேலை செஞ்சேன்."

"எந்தத் தோட்டம்? புல்லு முழங்கால் வரைக்கும் வளர்ந்து நிக்குது."

ஒரு சனிக்கிழமை காலை முடி வெட்டிக்கொள்ள நடந்தே போனவள், கடையை விட்டு வெளியே வரும்போது ஹாரன் சத்தம் கேட்டுத் திரும்பினாள். மேட்டுத்தெரு சிக்னல் விளக்குக்குக் கீழே வண்டிகள் வரிசையாக நின்றன. வரிசையின் தலையில் கருநீல வண்டி. உள்ளே எக்கார்ட்.

ஓடினாள். அவன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, மடங்காத காலை இடுப்போடு சேர்த்து நீட்டிக் கிளட்சை மிதிக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் வேர்வை. வண்டி ஒரு துள்ளுத் துள்ளி அணைந்தது. விளக்கு பச்சையாகி, மறுபடி சிவப்பானது. ரோஸ்விதா கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"கிளட்சை மெதுவா விடு. பிடிக்கற இடம் ஒண்ணு வரும், அங்க நிறுத்து."

"தெரியும்!"

"தெரிஞ்சா ஓட்டு. எல்லாரும் பாக்கறாங்க."

"நீ கத்தறதாலதான் அணைஞ்சு போகுது!"

மறுபடி துள்ளல், மறுபடி அணைந்தது. வண்டி பின்னால் நழுவியது. ரோஸ்விதாவின் கால் பிரேக்கைத் தேடி வெறும் விரிப்பை ஓங்கி மிதித்தது. எக்கார்ட் கைப்பிரேக்கை இழுத்தான். அப்போதுதான் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. பள்ளியை விற்று, புருஷனோடு சண்டை போட்டு வாங்கி, காலைக் கெடுத்துக்கொண்டு ஓட்டிய வண்டியில் அவள் வலது இருக்கையில் உட்கார்ந்து கிளட்ச் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இறங்கு" என்றாள்.

நடுத்தெருவில் இருவரும் இறங்கி, பானெட்டைச் சுற்றி இடம் மாறினார்கள். நடைபாதையிலிருந்து உர்சலின் புருஷன் கையை வாயில் குவித்துக் கூவினான்: "மேடம், விடாதீங்க! திரும்பத் திரும்ப ஏத்த வையுங்க அவரை!"

ஊருக்கு வெளியே ஆப்பிள் தோப்பு ஓரமாக வண்டியை நிறுத்தினாள். எஞ்சினை அணைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"எதுக்கு எடுத்தே?"

"நான் ஓட்டக் கூடாதுன்னுதான் நீ இதை வாங்கினியோன்னு ஒரு சந்தேகம் வந்துச்சு. அதான்."

"ஆமா. அதுக்குத்தான் வாங்கினேன்."

எக்கார்ட் இதை எதிர்பார்க்கவில்லை. சந்தேகத்தைச் சொன்னால் அவள் மறுப்பாள் என்று நினைத்திருந்தான்.

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே."

"எத்தனை வருஷமா சொல்றேன்! சொல்லச் சொல்லச் சிரிக்கறே. ஒரு தடவையாவது அந்த மலைப்பாதையில சாவியை எங்கிட்ட குடுத்தியா?"

"நீ களைச்சிருப்பேன்னு..."

"களைப்பா இருக்கான்னு கேட்டியா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "சரி. இனிமே சாவியைத் தொட மாட்டேன். கூட வரேன். வாயே திறக்க மாட்டேன்" என்றான்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து ஊர் நோய்ஃபனிலிருந்து மேட்டு நிலத்துக்கு ஏறும் பாதையில் போனார்கள். எக்கார்ட் கைகளை மடியில் கோர்த்து வைத்திருந்தான். ஊர் எல்லை தாண்டும் வரை சொன்ன வாக்கைக் காப்பாற்றினான். முதல் கொண்டை ஊசி வளைவில் தொண்டையைக் கனைத்தான். இரண்டாவது வளைவில் தாங்க முடியவில்லை.

"ரெண்டாவது கியருக்கு வந்திருக்கலாம்."

ரோஸ்விதா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இப்ப மூணாவது போடலாம். எஞ்சின் கத்துது பாரு. அந்த வண்டியா இருந்தா தானாவே..."

பேருந்து நிறுத்தத்தில் வண்டியை ஒடித்து நிறுத்தினாள். "இறங்கு."

"ரோஸி, ஞாயித்துக்கிழமை பஸ் எப்ப வருமோ!"

"எனக்கும் தெரியாது."

இறங்கினான். கதவைச் சாத்தும்போது ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவள் கிளம்பிவிட்டாள்.

மேலே போகப் போக ஒரு டிராக்டர் முன்னால் மாட்டியது. வைக்கோல் உருளைகளை ஏற்றிக்கொண்டு ஊர்ந்தது. முந்த இடமில்லை. இரண்டாவது கியருக்கு வேகம் போதவில்லை, முதல் கியரில் எஞ்சின் அலறியது. மாற்றி மாற்றி மிதித்ததில் கால் நடுங்க ஆரம்பித்தது. முழுப் பாதையும் அவளுக்கே அவளுக்கு, பக்கத்தில் யாரும் இல்லை, யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. "சனியனே, ஒதுங்கேன்!" என்று டிராக்டரைத் திட்டினாள். கிளட்சைத் திட்டினாள். ஹூல்பன் ஊருக்குள் டிராக்டர் திரும்பிய இடத்திலேயே அவளும் வண்டியைத் திருப்பினாள்.

கீழே எக்கார்ட் நிறுத்தத்து பெஞ்சிலேயே, கெட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். பஸ் வரவில்லை. அவள் வண்டியை நிறுத்தி ஜன்னலை இறக்கினாள்.

"எப்படி இருந்துச்சு?" என்றான், எழுந்திருக்காமல்.

"டிராக்டர் பின்னாடி மாட்டிக்கிட்டேன். கால் செத்துப்போச்சு."

"ஆட்டோமேட்டிக்கா இருந்தா..."

"ஆமா. அதுதான் நல்ல வண்டி. எனக்கு அதுதான் பிடிச்சிருந்தது. போதுமா?"

அவன் முகத்தில் வெற்றி எதுவும் தெரியவில்லை. முட்டியைத் தடவிக்கொண்டான்.

"வித்துட்டு அதை வாங்கலாம். ரெண்டு சாவியையும் நீயே வச்சுக்கோ."

"எவ்வளவு நாளைக்கு எடுக்காம இருப்பே? உண்மையைச் சொல்லு."

எக்கார்ட் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாதவன். "ஒரு மாசம் இருப்பேன்" என்றான். "கார்டா போறப்ப கேப்பேன்னு நினைக்கறேன்."

"கேக்க மாட்டே. எடுத்துட்டு உக்காந்திருப்பே."

அவன் ஒப்புக்கொள்வதுபோலத் தலையாட்டிவிட்டு எழுந்தான். மலைமேலிருந்து வைக்கோல் தூசியும் வெயிலும் இறங்கி வந்தன. ரோஸ்விதா கைநீட்டி வலது கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறு. உருளைக்கிழங்கு வேக வைக்கணும்."

அவன் ஏறினான். அவள் நடுங்கும் காலால் மூன்றாவது பெடலை மிதித்து, முதல் கியரைப் போட்டாள்.