எல்லோருக்கும் ஒரே ரத்தம்

ரத்த வங்கியின் வரவேற்பு மேசையில் இருந்தவளுக்குக் 'கம்ப்யூட்டர் அக்கா' என்ற பெயர் வந்ததே ஒரு பிரிண்டரால்தான். அதில் சிக்கிக்கொண்ட தாளை ஒருநாள் உருவி எடுத்தாள். அவள் செய்த சாகசம் அவ்வளவுதான். டேட்டாபேஸைப் பார்த்துக்கொண்டிருந்த தாடிக்காரர் வேறு வேலை கிடைத்துப் போனதும் மேனேஜரின் பார்வை நேராக அவள்மேல் விழுந்தது.

"புது ஆள் வர்ற வரைக்கும் நீ பாத்துக்கம்மா."

"சார், எனக்கு அதுல ஆனா ஆவன்னா கூடத் தெரியாது."

"யாரு பொறக்கும்போதே கத்துக்கிட்டு வந்தா? வீடியோ கிளாஸ் இருக்கு, பாத்துக் கத்துக்கோ."

புது ஆள் வரவில்லை. வீடியோ கிளாஸ் வந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அடுப்பில் ஒரு கண்ணும் போனில் ஒரு கண்ணுமாகப் பாடம் கேட்டாள். ரத்தம் கொடுப்பவர்கள் ஒரு டேபிளில் இருப்பார்கள். அவர்கள் கொடுத்த ரத்தத்தின் விவரம் இன்னொரு டேபிளில் இருக்கும். ஆளுக்கு ஒரு எண், அந்த எண்தான் இரண்டையும் முடிச்சுப் போடும். ஒரே பெயரில் பத்துப் பேர் வந்தாலும் குழப்பம் வராது. இது புரிந்த அன்று அவளுக்குத் தலைகால் தெரியவில்லை. பஸ் ஓட்டிவிட்டு வந்து அலுப்பாக உட்கார்ந்திருந்த கணவனிடம் டேபிள்களைப் பற்றி மூச்சுவிடாமல் சொன்னாள்.

"எல்லாம் சரி, இந்த டேபிளுக்குச் சாப்பாடு எப்ப வரும்?" என்றான் அவன்.

தினமும் காலையில், எல்லாவற்றுக்கும் நகல் எடுத்தாயிற்று என்று பேக்கப் என்ற இடத்தில் ஒரு பச்சை டிக் தெரியும். அதைப் பார்த்தால் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருக்கும்.

ஒருநாள் ஒருவர் வந்து, தன் ரத்த வகையைத் தப்பாகப் பதிந்திருக்கிறார்கள் என்றார். லேபில் சோதித்தார்கள். அவர் சொன்னதுதான் சரி, ஓ பாசிட்டிவ். வழக்கமான திரையில் வகையைத் திருத்த வழியில்லை. டேட்டாபேஸுக்குள் நேராகப் போய்த்தான் மாற்ற வேண்டும். அவள் கமாண்டை இரண்டு வரியாக எழுதினாள். ரத்த வகையை ஓ பாசிட்டிவ் ஆக்கு என்பது மேல் வரி. இந்த எண் உள்ளவருக்கு மட்டும் என்பது கீழ் வரி. பாடத்தில் காட்டியபடி மவுஸால் இழுத்து, நிறம் மாறிய பகுதியை ஓட்டினாள். நிறம் மாறியிருந்தது மேல் வரி மட்டும்.

ஒரு வரிசை மாறியது என்று வரவேண்டிய இடத்தில் நீளமான ஓர் எண் வந்தது. அவள் டேபிளைத் திறந்தாள். ஓ பாசிட்டிவ். அதற்குக் கீழும் ஓ பாசிட்டிவ். உருட்டிக்கொண்டே போனாள். ஊரில் ரத்தம் கொடுத்த அத்தனை பேருக்கும் ஒரே ரத்தம்.

தாடிக்காரருக்குப் போன் போட்டாள்.

"ட்ரான்சாக்‌ஷன் ஆரம்பிச்சுட்டுத்தானே ஓட்டினே? அப்படின்னா திரும்ப எடுத்துடலாம்."

"அந்தப் பாடம் இன்னும் வரலண்ணா."

"அப்ப இதைத் திரும்ப எடுக்க முடியாதும்மா."

"ரெண்டாவது சர்வர்ல இன்னொரு காப்பி இருக்கும்ல அண்ணா?"

"இங்க மாறினா அங்கயும் உடனே மாறிடும்மா. நல்லதும் போகும், கெட்டதும் போகும். பேக்கப்பைப் பாரு."

பார்த்தாள். அவர் வேலையை விட்டுப் போன கொஞ்ச நாளிலேயே டிஸ்க் நிரம்பியிருந்தது. அதற்குப் பிறகு வந்த ஃபைல்கள் எல்லாம் வெறும் கூடு. வேலை ஓடியது என்பதற்குத்தான் பச்சை டிக். உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று யாரும் திறந்து பார்க்கவில்லை. மிஞ்சியது அவர் காலத்துப் பழைய பேக்கப் ஒன்றுதான். அவர் போனிலேயே சொல்லச் சொல்ல, அதிலிருந்து பழையதை மீட்கும் ரீஸ்டோரை ஆரம்பித்தாள். திரையில் நீலக்கோடு நத்தை மாதிரி ஊர்ந்தது.

மேனேஜர் வந்து நின்றார். "கத்துக்கிட்டேன்னு சொன்னியே?"

"கத்துக்கிட்டு இருக்கேன்னுதான் சார் சொன்னேன்."

அந்த நேரம் பார்த்து ஒருவர் மூச்சு வாங்க ஓடிவந்தார். தங்கைக்குப் பிரசவமாம், ரத்தம் நிற்கவில்லையாம். ஓ நெகட்டிவ் வேண்டும். ஃப்ரிட்ஜில் பைகளின் லேபிள்கள் பத்திரமாக இருந்தன, ஆனால் ஓ நெகட்டிவ் பை ஒன்றும் இல்லை. கொடுக்கக்கூடியவர்களைக் கூப்பிட வேண்டும்.

"கம்ப்யூட்டர்ல இருக்குமில்ல மேடம்? சட்டுனு பாருங்க."

அவள் பார்த்தாள். எத்தனை முறை பார்த்தாலும் அதேதான். போன் எண்கள் இருந்தன. யாருடைய எண் என்பதில் குழப்பமில்லை. எந்த ரத்தம் என்பதுதான் தெரியவில்லை. குருட்டாம்போக்கில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள்.

"என் ரத்த வகையா? எனக்கு எப்படிங்க ஞாபகம் இருக்கும், உங்ககிட்டதானே எழுதி வச்சிருக்கு?" என்றார் ஒருவர். இன்னொருவர் தனக்கு நெகட்டிவ்தான் என்று சந்தோஷமாகச் சொன்னார், விசாரித்தால் அது ஏதோ காய்ச்சல் டெஸ்ட்டின் முடிவு.

அண்ணன்காரர் மேசையைப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. நீலக்கோடு பாதிகூடத் தாண்டவில்லை.

அவருடைய போன் அடித்தது. வேறொரு ரத்த வங்கியில் பை கிடைத்துவிட்டது. அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஓடினார். மத்தியானம் போல அவள் மருத்துவமனைக்குப் போன் செய்தாள். நர்ஸ் அவசரமாக, "பிழைச்சுட்டாங்க, குழந்தையும் நல்லா இருக்கு. நீங்க யாரு?" என்றாள். யாரென்று சொல்லாமல் இவள் போனை வைத்துவிட்டாள். அழவும் முடியவில்லை.

பழையவர்களின் ரத்த வகை திரும்பி வந்தது. அந்தப் பேக்கப்புக்குப் பிறகு வந்தவர்களுக்கு லேப் தாள்களைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பதிய வேண்டியிருந்தது.

"என்னை விட்டுடுங்க சார், என்னால முடியாது," என்று மேனேஜரிடம் கெஞ்சினாள்.

"விட்டுட்டா? வேற யாரு இருக்கா சொல்லு?" என்றார் அவர், கோபம்கூட இல்லாமல்.

அன்றிலிருந்து டேட்டாபேஸில் எதைத் திருத்துவதானாலும் அவள் லேப் பெண்ணைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு, இரண்டு வரியையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, அதன் பிறகும் பட்டன்மேல் விரலை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

"அழுத்துக்கா, சரியாத்தான் இருக்கு," என்பாள் லேப் பெண்.

"இன்னொரு தடவை படி," என்பாள் இவள்.