எங்களுக்கும் இல்லை

பொய் சொல்வதில் நெடுஞ்செழியன் பெரிய கில்லாடி ஒன்றும் இல்லை. ஆபீசுக்கு உடம்பு சரியில்லை என்று லீவு சொன்னால், அன்று முழுக்க உண்மையிலேயே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிற ரகம். அப்படிப்பட்டவன்தான் அந்தப் பிப்ரவரியில், டெக்ஸாஸ் மாநிலத்து ஃபிரிஸ்கோ ஊரே பனியில் விறைத்துக் கிடந்த வாரத்தில், பக்கத்துத் தெருக்காரர்கள் அத்தனை பேரும் இருக்கிற தமிழ் வாட்ஸப் குரூப்பில் இப்படி எழுதினான்:

"எங்களுக்கும் கரண்ட் இல்ல. ஸ்டவ்வும் எலக்ட்ரிக், காபி கூடப் போட முடியல. எல்லாரும் சேஃபா இருங்க."

கீழே ஒரு கும்பிடு வேறு.

அதை எழுதும்போது டீஷர்ட்டும் அரை டிராயருமாக சோபாவில் சாய்ந்து அவன் காபிதான் குடித்துக்கொண்டிருந்தான். தெருக்கோடியில் ஃபயர் ஸ்டேஷன் இருந்தது. அதற்குப் போகும், யாரும் கட் பண்ணாத லைனிலேயே இவன் தெருவும் இருந்ததால், டெக்ஸாஸில் முக்கால்வாசிப் பேர் மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்தபோது இவனுக்கு ஒரு நிமிஷம்கூடக் கரண்ட் போகவில்லை. அதிர்ஷ்டம்தான். அதை வெளியே சொன்னால்தான் வம்பு.

"யார் வீட்லயாவது கரண்ட் இருக்கா?" என்று ராஜலக்ஷ்மி ஆன்ட்டி காலையில் குரூப்பில் கேட்டதும் இவன் மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான். முதலில் போன் சார்ஜ் பண்ண வருவார்கள். பிறகு குளிக்க வருவார்கள். சாயங்காலம் பெட்டி படுக்கையோடு வருவார்கள். புதுக் கார்ப்பெட் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"கொரோனா டைம்ல எப்படி எல்லாரையும் உள்ள விடறது?" என்று மனைவியிடம் கேட்டான்.

"போன சனிக்கிழமை நம்ம வெட்டிங் டேக்கு இருபது பேரைக் கூப்பிட்டமே, அன்னைக்குக் கொரோனா லீவுல போயிருந்துச்சா?" என்றாள் வெண்பா. வாய் மட்டும்தான். சொல்லிவிட்டு எழுந்துபோய், வெளிச்சம் தெரியாமல் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டவளும் அவளேதான்.

மாலை நாலு மணி வாக்கில் யாரோ கதவைத் தட்டினார்கள். பெல் இருக்கும்போது எதற்குத் தட்ட வேண்டும்? வாசல் கேமராவைப் போனில் பார்த்தான். ஆபேல். இரண்டு தெரு தள்ளி, போன கோடையில் வாடகைக்கு வந்த தூத்துக்குடிக்காரன். அவன் மனைவி ஜெபினாவுக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம்தான் ஆகிறது. கரண்ட் இல்லாத வீட்டில் பெல் அடிக்காது என்று நம்பித்தான் அவன் தட்டிக்கொண்டிருந்தான்.

"சார்ஜருக்கு வந்திருக்கான்" என்று முணுமுணுத்துக்கொண்டே நெடுஞ்செழியன் விளக்கை அணைத்தான். டிவியை அணைத்தான். டிராயருக்கு மேல் பேண்டை மாட்டி, ஜாக்கெட்டைப் போட்டு, குல்லாயையும் காது மூடக் கவிழ்த்துக்கொண்டான். வெண்பா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"வேஷமெல்லாம் பலமா இருக்கு" என்றாள்.

அவன் கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, உள்ளே தெரியாதபடி மறித்து நின்றான்.

ஆபேல் கையில் சார்ஜர் இல்லை. டவலில் சுற்றிய ஒரு ஹாட்பேக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தான்.

"உங்க மெசேஜ் பாத்தோம்ணே. ஸ்டவ்வும் இல்லைன்னு போட்டிருந்தீங்களா, ஜெபினாவுக்கு மனசே கேக்கல. எங்க வீட்ல கேஸ், தீப்பெட்டி வெச்சுப் பத்த வெச்சுக்கிடலாம். ரசமும் சோறும்தான் இருக்கு. ஆறதுக்குள்ள நீங்களும் அண்ணியும் சாப்பிடுங்க."

நெடுஞ்செழியன் இரண்டு கையாலும் அதை வாங்கினான். வாங்கும்போது கதவு இன்னும் கொஞ்சம் திறந்துகொண்டது. உள்ளே ஹீட்டரில் ஊறிக் கிடந்த சூடு வெளியே பாய்ந்து, ஆபேலின் மூக்குக் கண்ணாடி இரண்டு பக்கமும் ஒரே நொடியில் மங்கிப் போனது. அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான்.

"கரண்ட் வந்துட்டாண்ணே?"

"இப்பதான்" என்றான் நெடுஞ்செழியன். "அஞ்சு நிமிஷம் இருக்கும்."

ஆபேலுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்பாடா. அப்ப எங்களுக்கும் வந்துரும். வீட்டுக்குள்ளயே மூச்சு விட்டா புகையா வருதுண்ணே. பாப்பா அழுது அழுது இப்ப சத்தமே வரல, பாலும் சரியா குடிக்கல. பக்கத்து ஊர் ஸ்கூல்ல தங்க இடம் குடுக்காங்களாம். இருட்டுறதுக்கு முன்ன போயிரலாம்னு இருந்தோம்."

சொன்னபடியே போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டான். "ஜெபி, கார்ல இருந்து பெட்டியை இறக்கிரு. அண்ணன் வீட்டுக்குக் கரண்ட் வந்துட்டு. நாம எங்கயும் போவாண்டாம்."

வரேண்ணே என்று தலையாட்டிவிட்டு அவன் இறங்கி நடந்தான். அந்தப் பக்கத் தெருக்களுக்கு நாளைக்கு முன்னால் கரண்ட் வராது என்ற செய்தியை நெடுஞ்செழியன் மத்தியானமே படித்திருந்தான். போனில் சார்ஜ் இருந்ததால் நாளெல்லாம் செய்தி படிக்க முடிந்தது அவனுக்கு. இப்போது இவன் வாய் வார்த்தையை நம்பி அந்தப் பெண் காரிலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருப்பாள். பச்சைக் குழந்தை இன்னொரு ராத்திரியும் அந்தக் குளிரில் கிடக்கும். கையில் ஹாட்பேக் டவலையும் மீறிச் சுட்டது. பிறந்ததிலிருந்து அவன் இப்படிக் கூசிப் போனதில்லை.

"ஆபேல்."

தபால் பெட்டி வரை போயிருந்தவன் திரும்பினான்.

"எங்களுக்குக் கரண்ட் போகவே இல்ல."

"என்னண்ணே?"

"போகவே இல்ல ஆபேல். காலைல இருந்து இருக்கு. எல்லாரும் வந்துருவாங்கன்னு குரூப்ல பொய் போட்டேன். இப்ப உங்கிட்டயும் பொய்தான் சொன்னேன். உங்க தெருவுக்கு இன்னைக்கு வராது."

ஆபேல் நின்றபடியே நின்றான். தூ என்று ஒரு தரம் துப்பியிருந்தால்கூட நெடுஞ்செழியன் துடைத்துக்கொண்டிருப்பான். ஆபேல் மெல்ல நாலு எட்டு திரும்பி வந்தான்.

"அப்ப பாப்பாவைக் கூட்டிட்டு வரலாமாண்ணே?"

நெடுஞ்செழியன் கையிலிருந்த ஹாட்பேக்கைக் குனிந்து பார்த்தான். அதைத் தயக்கம் என்று ஆபேல் எடுத்துக்கொண்டான். அவசரமாகப் பேசினான்.

"நான் அங்கனயே இருந்துக்கிடுவேன். அவளும் பாப்பாவும் மட்டும். ஒரு ராத்திரிதாண்ணே. மாஸ்க் போட்டுக்கச் சொல்றேன், ஒரு ரூம்லயே இருந்துக்கிடுவாங்க."

"மூணு பேரும் வாங்க" என்றாள் வெண்பா, பின்னாலிருந்து. ஹாட்பேக்கைக் கணவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நீங்க கூடப் போய்க் கூட்டிட்டு வாங்க. நான் குரூப்ல நம்ம வீட்டுல இருக்குன்னு போடறேன். யாருக்கு வேணுமோ வரட்டும்."

நெடுஞ்செழியன் ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கினான். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினான். ஒன்றும் அகப்படவில்லை. தலையைக் குனிந்துகொண்டே நடந்தான். தெருமுனை திரும்பியதும் காலடியில் கண்ணாடி மாதிரிப் பனி. ஆபேல் சட்டென்று அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

"பாத்து வாங்கண்ணே. வர்றப்ப நான் இந்த இடத்துலதான் விழுந்தேன். நல்லவேளை, சாப்பாடு கொட்டல."