பாய் விரித்த பள்ளிக்கூடம்

எல்லம்மாள் சொன்ன ஒரு பேச்சால்தான் பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லாமல் போயிற்று.

கடப்பாக்கத்துக்குக் கிழக்கே, உப்பங்கழிக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த மீனவக் குப்பம் அது. 1952-ல் மார்கரெட் டீச்சர் அங்கே வந்து, பதினொரு பிள்ளைகளை மணலில் விரலால் எழுத வைத்தார். மறு வருஷம் மீன் மண்டிக்கார நூர்முகமது மரைக்காயர் சவுக்குக் கழிகள் கொடுத்தார். ஆண்கள் குழி தோண்டி நட்டார்கள், பெண்கள் ஓலை முடைந்தார்கள். இப்போது, மூன்றாவது வருஷத்தில், முப்பத்திரண்டு பிள்ளைகள்.

டெப்டி இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து அங்கீகாரம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பள்ளியை மூட வேண்டியதுதான். பிறகு ஓடமேறி உப்பங்கழியைத் தாண்டித்தான் படிக்கப் போக வேண்டும். பெண் பிள்ளையை யாரும் அப்படி அனுப்ப மாட்டார்கள். எல்லம்மாளின் மகள் வேண்டாவும் அங்கே மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

சம்பந்தி வருகிறார் என்றால் பழைய ஓலையைப் பிரித்துப் புதுசு வேய்வது குப்பத்து வழக்கம். "ஊருக்கே விருந்தாளி வர்றாரு. இத்துப்போன ஓலைக்குக் கீழயா உக்கார வெப்பீங்க?" என்று மீன் கூடையோடு நின்று எல்லம்மாள் கேட்டாள். டீச்சர் பதிவேடு வாங்கச் செங்கல்பட்டுக்குப் போயிருந்தார். அன்றைக்கே கூரையைப் பிரித்தார்கள். பழைய ஓலை அடுப்புக்குப் போயிற்று. புது ஓலை ஏற்றிய படகோ எதிர்காற்றில் மாட்டிக்கொண்டு வந்து சேரவில்லை.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின சாயங்காலம் டீச்சர் திரும்பி வந்தார். வெறும் கழிகளை ஒரு முறை சுற்றி நடந்து வந்தார்.

"படிவத்துல கட்டடம்னு ஒரு கட்டம் இருக்கு எல்லம்மா. கூரை இல்லன்னா அவரால அதுல எதையும் எழுத முடியாது" என்றார். அவர் திட்டியிருந்தால் எல்லம்மாளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

விடிந்தும் படகு வரவில்லை. அவள் புருஷன் இருசப்பன் கடலுக்குப் போகக் கட்டுமரத்தில் பாய்மரத் துணியைக் கட்டிக்கொண்டிருந்தான். எல்லம்மாள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அதை அவிழ்த்தாள்.

"இன்னாடி பண்றே?"

"பள்ளிக்கூடத்துக்குக் கூரை."

"அப்ப நான் உன் முந்தானையக் கட்டிக்கினு போவட்டா?"

கரையில் எல்லோரும் சிரித்தார்கள். ஊர்த் தலைவரான நாட்டார் தேசிங்கு மட்டும் சிரிக்கவில்லை. "பாயைக் கரையில விரிச்சா காத்து கோச்சுக்கும். எங்கப்பன் காலத்துலேர்ந்து யாரும் விரிச்சதில்ல."

"உங்கப்பன் காலத்துல பள்ளிக்கூடம் இருந்திச்சா நாட்டாரே? கூரைய பிரிக்கச் சொன்னது நானு. கோச்சுக்கினா என் மேல கோச்சுக்கட்டும். உங்க பேத்தி பலகையில பேரு எழுதினப்போ, அதைத் தூக்கிக்கினு ஊரெல்லாம் சுத்தினீங்களே, அது மறந்துபோச்சா?"

தேசிங்கு கடலைப் பார்த்தார். மீன் நன்றாக விழுகிற நாட்கள் அவை.

"ஒரு பாய் எந்த மூலைக்குடா பத்தும்? எல்லாத்தையும் அவுருங்க" என்றார்.

ஏழு கட்டுமரங்களின் பாய்களும் கழிகள் மேல் ஏறின. மரப்பட்டைச் சாயம் ஏறிய துணி. உள்ளே செம்பழுப்பு வெளிச்சம் விழுந்தது. அங்கே பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

ஆனால் பாய் காற்றைப் பிடிக்கத்தானே செய்யும். இன்ஸ்பெக்டர் வாசுதேவன் ஓடத்திலிருந்து இறங்கி வந்தபோது கூரை உப்பி, கழிகள் மணலில் அசைந்துகொண்டிருந்தன. ஆண்கள் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துச் சுற்றி நின்றார்கள். எல்லம்மாளும் ஒரு கயிற்றைப் பிடித்திருந்தாள்.

"இவங்கள்லாம் ஏன் நிக்கிறாங்க?" என்று கேட்டார் அவர்.

டீச்சர் மறைக்கவில்லை. கூரை போன கதையை முழுதும் சொன்னார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. பிள்ளைகளை எண்ணினார். கணக்குக் கேட்டார். வேண்டாவை எழுப்பி, "காற்று எத்தனை வகை?" என்றார்.

"வாடை, கொண்டல், சோழகம், கச்சான். இப்ப அடிக்கிறது கொண்டலு" என்று கிழக்கே கை காட்டினாள். பிறகு பாடப் புத்தகத்தில் இருந்த பருவக்காற்றையும் தப்பில்லாமல் சொன்னாள்.

கடைசியில் அவர் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டார். எழுதிக்கொண்டே வந்த பேனா ஒரு கட்டத்தில் நின்றது. எந்தக் கட்டம் என்று எல்லம்மாளுக்குத் தெரிந்தது. கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டிருந்தது. அவள் விடவில்லை.

அப்போது ஒரு பெருங்காற்று வந்தது. ஏழு பாயும் ஒன்றாக உப்பின. இன்ஸ்பெக்டர் பக்கத்துக் கழி மணலைவிட்டு ஒரு சாண் எழும்பியது. அவர் பேனாவைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பிடித்தார்.

"வுடாதே சாரு, அமுக்கு!" என்று தேசிங்கு வெளியிலிருந்து கத்தினார்.

அவர் அமுக்கினார். மூக்குக்கண்ணாடி நழுவி மூக்கு நுனியில் நின்றது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். காற்று தணிந்த பிறகும் அவர் கழியை விடவில்லை.

"டீச்சர், எனக்குக் கை ஒழியல. அந்தக் கட்டத்துல நீங்களே எழுதுங்க" என்றார். "கூரை உண்டு. ஊரார் தாங்குகிறார்கள்."

டீச்சர் எழுதினார். இருசப்பன் வந்து கழியை வாங்கிக்கொண்டதும் இன்ஸ்பெக்டர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

அவர் ஏறிய ஓடம் உப்பங்கழியைத் தாண்டும் வரை யாரும் கயிற்றை விடவில்லை. பிறகு தேசிங்குதான் முதலில் விட்டார்.

"போதும், அவுருங்கடா. கொண்டலு இன்னும் இருக்குது, ஒரு பாடு வலை போட்டுட்டு வந்துரலாம்."

எல்லம்மாள் உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தன் வீட்டுப் பாயை மடித்துப் புருஷனிடம் நீட்டினாள். உள்ளே வேண்டா வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் வெயில் வந்தது அவளுக்குத் தெரியவில்லை.