உப்புக்கொத்தி கத்தியது

அந்த மே மாதம் ஆனைக்குட்டம் அணையில் ஏதோ குறைவதாக ஊர்க்காவலனுக்குப் பட்டது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போய் வந்தும் மனம் அடங்கவில்லை. பைனாகுலரில் கொக்கு தெரிந்தது, நாரை தெரிந்தது. ஆனாலும் கரை வெறிச்சோடிக் கிடந்ததுபோல் இருந்தது.

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவனுக்கு சாம்பிள் வெடித்துப் பார்க்கிற வேலை. ஒவ்வொரு லோடு கிளம்புவதற்கு முன்பும் சில வெடிகளை எடுத்து, பின்பக்கப் பொட்டலில் கொளுத்தி, சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். பதினோரு வருஷமாக அதுதான் வேலை. மதுரையிலிருந்து பறவைகளைக் கணக்கெடுக்க வந்தவர்களுக்கு ஒருமுறை அணைக்கு வழி காட்டப் போனவன், பிறகு தானே ஒரு பழைய பைனாகுலர் வாங்கிக்கொண்டான்.

நான்காவது ஞாயிறு அவன் மனைவி பாண்டிச்செல்வியும் வந்தாள். ஆசைப்பட்டு வரவில்லை. அந்த வாரம் முழுக்க வீட்டில் சண்டை. அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் அவன் திரும்புவதே இல்லை. "நான் பேசுறது உங்களுக்கு மனுசி பேசுறதாத் தெரியலையா?" என்று கத்தியபோதும் டி.வி.யைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். பெண்டாட்டியை மறக்கடிக்கிற அளவுக்கு அந்த அணையில் என்னதான் இருக்கிறதென்று பார்த்துவிடக் கிளம்பினாள்.

காலை ஏழு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் வற்றி உள்வாங்கியிருந்தது. அவன் கரையில் பத்தடி நடப்பதும், நிற்பதும், திரும்புவதுமாக இருந்தான்.

"ஒரு எடத்துல நில்லுங்களேன், தலை சுத்துது."

"போன வருசம் இங்கன எம்புட்டு கெடந்துச்சு தெரியுமா? எங்க போச்சுன்னு தெரியல" என்றவன், சரளைக்கல் தரையில் இறங்கித் தண்ணீரை நோக்கி நடந்தான்.

அவள் கருவேல மரத்தடியில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மெல்லிய விசில்போல, விட்டுவிட்டு, பதறிப் பதறி. அவன் காலடியில் ஒரு சின்னப் பறவை ஓடிக்கொண்டிருந்தது. கழுத்தில் கறுப்புப் பட்டை. கீழே விழுந்து ஒரு இறக்கையை இழுத்துக்கொண்டு கத்தியது. அவனோ பைனாகுலரில் தூரத்தைப் பார்த்தபடி முன்னே போனான்.

"ஏங்க! நில்லுங்க!"

அவன் நிற்கவில்லை. ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "காலுக்குக் கீழ பாருங்க!"

செருப்புக்கு ஒரு சாண் தள்ளிக் கற்களுக்கு நடுவே கல் நிறத்திலேயே நாலு முட்டைகள். அவன் மெல்லப் பின்வாங்கினான்.

"உப்புக்கொத்தி. பாவம், சத்தமே காட்டாம நிக்குது பாரு."

"சத்தம் காட்டலையா? அப்பருந்து காதக் கிழிக்குது. இந்தா, இப்பவும் கத்துதே!"

அவன் பைனாகுலரைத் தூக்கினான். அலகு திறந்தது, மூடியது, திறந்தது. எதுவும் கேட்கவில்லை.

"எப்படிக் கத்துது?"

"பியூ, பியூன்னு."

முன்பெல்லாம் கரையேறியதும் முதலில் கேட்கும் குரல் அது. பறவைகள் எங்கேயும் போய்விடவில்லை.

இருவரும் மரத்தடிக்கு வந்தார்கள். "இன்னும் கத்துதா?" என்று மூன்று தடவை கேட்டான்.

"இல்ல. முட்டை மேல போய் உக்காந்துருச்சு." அவள் அவனையே பார்த்தாள். "அப்ப நான் அடுப்படியில இருந்து கூப்பிட்டதெல்லாம்?"

"முனங்குற மாதிரி இருக்கும். கோவத்துல வேணும்னே மெதுவாப் பேசுறன்னு நெனச்சேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை விருதுநகரில் காது டாக்டரைப் பார்த்தார்கள். போனது திரும்பாது, வெடிச் சத்தத்தை விட்டு விலகினால் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். கம்பெனிக்குப் போய்ச் சொன்னபோது சூப்பர்வைசர், "சீசன் ஆர்டர் ஏறுற நேரம்ப்பா, தீவாளி முடியட்டும்" என்று இழுத்தார். ஊர்க்காவலன் தலையாட்டப் போனான். பாண்டிச்செல்வி முந்திக்கொண்டு, "அதுவரைக்கும் காது இருக்குமா சார்? வேற எடம் குடுங்க, இல்லைன்னா நின்னுக்கிடுறாரு" என்றாள். இரண்டு நாள் கழித்துப் பேப்பர் வெட்டும் பகுதிக்கு மாற்றினார்கள்.

அதன் பிறகும் அவனுக்கு நிலைகொள்ளவில்லை. பஸ் ஸ்டாண்டில், கடைவீதியில், சாப்பாட்டுக்கு நடுவில், "இப்ப என்னென்ன சத்தம் கேக்குது?" என்று கேட்டான். மிக்சி, கோயில் ஸ்பீக்கர், யாரோ இருமுவது என்று அவளும் சலிக்காமல் சொன்னாள். சில நாள் அலுத்துப்போய், "ஒண்ணும் இல்ல, பேசாம சாப்பிடுங்க" என்பாள். அவன் நம்பாமல், கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்ப்பான்.